தண்ணீரைப் பார்த்துவிட்டு சிங்க் வாங்குங்கள்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அடுப்படி மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டாயிற்று. சிங்க் ஸ்டீலில் வாங்குவதா, கடையில் பார்த்த கறுப்பு குவார்ட்ஸை வாங்குவதா, குழாய் பித்தளையா ஸ்டீலா, பதினைந்து வருடமாவது வர வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மூன்று விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: போர் தண்ணீர், ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் இரண்டும் வருகிறது, தொட்டி மொட்டைமாடித் தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அம்மா இன்னும் பித்தளைப் பாத்திரம் புழங்குகிறார். உங்கள் கேள்விக்குப் பதில் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் 304 என்ற ரக ஸ்டீலில், மேட் ஃபினிஷில், பிரிவு இல்லாத ஒரே பெரிய சிங்க். சுவரிலிருந்து வருகிற கனமான பித்தளைக் குழாய், குரோம் பூசியது, இரண்டு. கொல்லையில் அம்மாவுக்குத் தனியாக ஒரு தொட்டி. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தண்ணீர் நான் நினைப்பதற்கு மாறாக இருந்தால் இந்த முடிவும் மாறும்.

மன்னார்குடியைச் சுற்றி இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். சிங்க் கறை பிடித்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், அடுப்படிக்குள் போகும் முன் மாடியேறித் தொட்டி மூடியைத் திறந்து பார்ப்பேன். உள்சுவரில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் கடினத் தண்ணீர். அடியில் செம்மண் கரைத்தது மாதிரி படிந்திருந்தால் இரும்பு. ஒன்றும் தெரியாமல், நாக்கில் வைத்தால் கரித்தால் உப்பு. மூன்றும் சேர்ந்த வீடுகளும் உண்டு.

திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம் என்று ஆற்றை ஒட்டிய ஊர்களில் பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். அங்கே எந்த சிங்க் போட்டாலும் ஓடிவிடும், அழகை மட்டும் பார்த்துக்கூட வாங்கலாம். கிழக்கே கடலை நோக்கி வர வர, வேதாரண்யம், தலைஞாயிறு, நாகை என்று, நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயை அத்தனை தூரம் இழுத்து வந்திருப்பதே அதனால்தான். உங்கள் ஊர் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். ஒரு தெருவில் போர் தண்ணீரைக் குடிக்கலாம், அடுத்த தெருவில் பருப்பு வேகாது.

அதனால் கடைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். வருகிற சீட்டில் நிறைய எண்கள் இருக்கும். சிங்குக்கும் குழாய்க்கும் வேண்டியவை குளோரைடு, மொத்தக் கடினத்தன்மை, இரும்பு, இந்த மூன்றுதான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1000 வரை போகலாம் என்கிறது. கடினத்தன்மைக்கு அதே மாதிரி 200, 600. இதெல்லாம் குடிக்கிறவருக்கு வைத்த எல்லை. ஸ்டீலின் எல்லை இன்னும் இறுக்கமானது: 304 ஸ்டீல் ஏறக்குறைய 200 மில்லிகிராம் குளோரைடு வரை கவலையில்லாமல் தாங்கும், 316 ஸ்டீல் 1000 வரை என்பது தொழிலில் வைத்திருக்கிற பொதுவான கணக்கு. சிங்கில் தண்ணீர் ஓடிவிடுவதால் எண் கொஞ்சம் கூடினாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீர் நின்று காய்கிற இடத்தில்தான் உப்பு செறிந்துகொண்டே போய் முதல் புள்ளி விழும்.

ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் தானாகவே படர்ந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு என்ற தோல். கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். உப்பு அந்தத் தோலை ஊசிமுனை அளவு இடத்தில் துளைத்துவிடும், பிறகு மூடவும் விடாது. 304 என்பதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202 என்பதில் விலை கூடிய நிக்கலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை மாங்கனீஸால் ஈடுகட்டியிருப்பார்கள். 316 என்பதில் மாலிப்டினம் 2, 3 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், உப்பை எதிர்த்து நிற்பது அதுதான். மூன்றும் புதிதில் ஒரே மாதிரி பளபளக்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், 304 என்பார். 202-லும் காந்தம் ஒட்டாது! மாறாக, நல்ல 304 தகட்டை அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டுவதும் உண்டு. காந்தம் பிடித்துக் கொடுப்பது 430 மாதிரி நிக்கல் இல்லாத ஸ்டீலை மட்டும்தான். 202 என்று கண்டுபிடிக்க ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது. ஒரு துளி விட்டுச் சின்ன பேட்டரியை வைத்தால் 202-ல் சிவந்துவிடும். ஸ்டீல் கைப்பிடி, கேட் செய்கிற பட்டறைகளில் வைத்திருப்பார்கள். சிங்கின் அடிப்பக்கத்தில் சோதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைஞாயிறு பக்கம் ஒரு வீட்டில் புது சிங்க், எட்டு மாதம்கூட ஆகவில்லை. கழிவுத் துளைக்குப் பக்கத்தில் மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள். நகத்தால் வருடினேன், ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. மேலே ஒட்டிய துரு என்றால் துடைத்தால் போய்விடும்; இது குழி. குழாய்க்கு நேர் கீழே ஒன்றுமே இல்லை, அங்கே தகடு புதிதாகவே இருந்தது. ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து இறங்கி வந்து, அது முடிகிற இடத்தில்தான் புள்ளிகள் கூட்டமாக இருந்தன. கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தால், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர்க் குழாய் சிங்க் விளிம்பில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்.ஓ. தண்ணீரிலிருந்து பிரித்து வெளியே தள்ளுகிற உப்பு முழுவதும் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது. இரவெல்லாம் ஒரே இடத்தில் சொட்டி, பகலில் காய்ந்து, மறுபடி சொட்டி. தகட்டைச் சோதித்தால் அதுவும் 202. பில்லை எடுத்துக் காட்டினார்கள், ‘எஸ்.எஸ். சிங்க்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கடையில் போய் எதை வைத்துக் கேட்பது? எனவே பில்லில் 304 என்ற எண்ணை எழுதி வாங்குங்கள். ஆர்.ஓ. கழிவுக் குழாயை சிங்குக்கு உள்ளே விடாமல், கீழே கழிவுக் குழாயில் நேராக இணைத்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விட்டாலும் தென்னைக்கு விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

சீட்டில் குளோரைடு 200-ஐ வெகுவாகத் தாண்டி 1000-ஐ நோக்கிப் போயிருந்தால் 316 சிங்க் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும், அல்லது அடுப்படிக்குப் போர் தண்ணீரே வராமல் குழாய் வேலையை மாற்ற வேண்டும். இரண்டாவது வழி மலிவு.

தகட்டின் கனத்தைக் கேஜ் என்பார்கள், எண் குறையக் குறையக் கனம் கூடும். 16 கேஜ் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. நம் வீட்டுப் புழக்கத்துக்கு 18 கேஜை விட மெலிந்தது வேண்டாம். மெலிந்த தகட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் டப் என்று சத்தம் போடும், கனத்த பாத்திரம் விழுந்தால் அமுங்கும். மூலைகள் சதுரமாக வருகிற கைவேலை சிங்குகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. பார்க்க எடுப்பாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் மூலை ஒரேயடியாகக் கூர்மையாக இருந்தால் உள்ளே விரல் போகாது, சோற்றுப் பருக்கை தங்கி அங்கேயே கறுக்கும். சுண்டுவிரல் பதிகிற அளவுக்காவது மூலை வளைந்திருக்கட்டும். கண்ணாடி மாதிரி மின்னும் பாலிஷும் வேண்டாம், முதல் வாரமே கீறல் தெரியும். மேட் ஃபினிஷில் தகட்டின் மேல் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். தேய்க்கும்போது அந்தத் திசையிலேயே தேய்த்தால் பத்து வருடம் ஆனாலும் கீறல் கண்ணில் படாது.

ஆழத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். 10 அங்குல ஆழம் என்றதும் பெரிய குக்கர் முழுகும் என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிடுவார்கள். மேடை 32 அங்குல உயரம் என்றால் சிங்கின் அடி தரையிலிருந்து 22 அங்குலத்தில் இருக்கும். குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். அம்மாவை நேராக நிற்க வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டு வருகிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழேதான் சிங்கின் அடி இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு 8 அல்லது 9 அங்குலம் சரியாக வரும். அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 24-க்கு 18 அங்குலம் இருந்தால் இட்லிக் கொப்பரையைப் படுக்க வைத்துக் கழுவலாம். இரண்டு பிரிவாக வருகிற சிங்கில் ஒவ்வொன்றும் சின்னதாகி, இரண்டிலும் குண்டான் நுழையாது.

அப்புறம் நீங்கள் ஆசைப்பட்ட கறுப்பு குவார்ட்ஸ். அது நல்ல பொருள்தான். ஏறக்குறைய 80 சதவீதம் குவார்ட்ஸ் துகளும் மீதி அக்ரிலிக் பிசினும் சேர்ந்தது. உப்பு அதை ஒன்றும் செய்யாது, துரு என்ற பேச்சே கிடையாது. ஆனால் கடினத் தண்ணீர் காய்ந்தால் விடுகிற வெள்ளைப் படிவு கறுப்பின் மேல் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ஒவ்வொரு முறையும் துணியால் துடைக்கிற வீட்டில் மட்டுமே அது கறுப்பாக இருக்கும். கனத்த பித்தளைச் செம்பு விளிம்பில் விழுந்தால் சில்லு பெயரலாம், பெயர்ந்தால் ஒட்டுப் போட்டாலும் தெரியும். உங்கள் தண்ணீரில் கடினத்தன்மை 200-க்குள் இருந்து, பித்தளை கொல்லைக்குப் போய்விட்டால் தாராளமாக வாங்கலாம். கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறத்தைப் பாருங்கள், கறுப்பு மேடைக்கு அது அழகாகவே பொருந்தும். வெள்ளைப் பீங்கான் சிங்க் வேண்டவே வேண்டாம். பாத்திரம் உரசிய இடமெல்லாம் பென்சில் கோடு மாதிரி விழும். கடப்பாக் கல்லில் செய்ததும் வேண்டாம், அது சுண்ணாம்புக்கல் வகை. புளித் தண்ணீரும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு மேல் மினுக்கு போய் வெளுத்துவிடும்.

அம்மாவின் பித்தளைக்கு வருகிறேன். புளி, செங்கல் பொடி, சாம்பல் போட்டு உட்கார்ந்து தேய்க்கிற பழக்கம் உள்ளவரை, நின்றுகொண்டு சிங்கில் தேய்க்கச் சொன்னால் அவருக்கும் சிரமம், சிங்குக்கும் கேடு. பழைய வீடுகளில் கிணற்றடியில் துலக்குகிற கல் இருந்ததே, அதை விடாதீர்கள். கொல்லையில் நிழல் விழுகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி, உட்கார ஒரு திட்டு, பக்கத்தில் பாத்திரம் கவிழ்க்க ஒரு சொரசொரப்பான கிரானைட் பலகை. தண்ணீர் வாழைக்குப் போகட்டும். அங்கே பிளாஸ்டிக் குழாய் போதும். பிடிஎம்டி என்று கேட்டு வாங்குங்கள், உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிக்காது, அரிக்காது. செலவு அதிகமில்லை, அடுப்படி சிங்கின் ஆயுள் கூடும்.

குழாய் விஷயத்தில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குப் பித்தளையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைத் தனித்தனிப் பாகமாக வார்த்து, திருகித்தானே மாட்டுகிறார்கள்? பாட்டி காலத்து விளக்கின் மரை இன்றும் வழுக்காமல் பிடிக்கிறது. குழாய்க்கும் அதே பித்தளைதான் வேண்டும். சந்தையில் மலிவாக வருகிறவற்றில் பல துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. போன வருடம் ஒரு வீட்டில் சொட்டுகிற குழாயை மாற்றப் பிளம்பர் ரெஞ்சைப் போட்டுத் திருப்பினார். கடக் என்று ஒரு சத்தம், குழாய் கையோடு வந்துவிட்டது, மரை சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளே இல்லை. சாம்பல் நிறத்தில், ஈரச் சிமெண்டு மாதிரி, விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. டைல்ஸை உடைத்து உள்ளே இருக்கிற எல்போ என்ற வளைவு இணைப்பை மாற்றினோம். குழாயில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல எத்தனையோ மடங்கு டைல்ஸுக்குப் போயிற்று.

எனவே கடையில் குழாயைக் கையில் எடுத்து எடையைப் பாருங்கள், பின்பக்க மரையின் உள்ளே எட்டிப் பாருங்கள், மஞ்சள் தெரிய வேண்டும். ஐ.எஸ். 8931 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மிகுந்த உப்புத் தண்ணீரில் பித்தளையும் தோற்கும். பித்தளையில் செம்போடு கலந்திருக்கிற துத்தநாகத்தை உப்பு மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மஞ்சள் உலோகத்தில் செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். கடலோரத்து வீடுகளுக்கு நான் 304 ஸ்டீல் குழாய்தான் போடுகிறேன், உள்ளே வேறு உலோகம் இல்லாமல் முழுதும் ஸ்டீலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

குழாய்க்குள் இருக்கிற கார்ட்ரிட்ஜைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சொட்டுவதும் சொட்டாததும் அதில்தான் இருக்கிறது. கால் சுற்றில் திறக்கிற குழாய்களில் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். ரப்பர் வாஷரைவிடப் பல மடங்கு உழைக்கும், ஆனால் மணல் அதற்கு எமன். போர் மணலும், கட்டும்போது குழாய்க்குள் விழுந்த சிமெண்டுத் துகளும் அந்த வட்டைக் கீறிவிட்டால் புதுக் குழாய் முதல் மாதமே சொட்டும். குழாயை மாட்டும் முன் லைனைத் திறந்துவிட்டுப் பத்து வாளித் தண்ணீர் வெளியேற்றச் சொல்லுங்கள். வாய் நுனியில் சல்லடை மாதிரி இருக்கிற ஏரேட்டரை முதல் வாரம் கழற்றி வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். கடினத் தண்ணீரில் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைக்கும். வினிகரில் ஓர் இரவு போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகிவிடும். குழாய்க்கு வருகிற லைனில் தனியாக மூடுகிற வால்வு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜை மாற்ற மாடி வால்வை மூட வேண்டியிருக்கும்.

இழுத்து நீட்டுகிற ஸ்ப்ரே குழாயைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம்தான் ஒரு பார். உங்கள் தொட்டி தளத்திலேயே இருக்கிறது. அதன் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே மூன்று மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது 0.3 பார். அந்த அழுத்தத்தில் ஸ்ப்ரே பாயாது, வழியும். பிரஷர் பம்ப் வைக்காதவரை, வாய் அகன்ற, சுழலுகிற சாதாரண சிங்க் காக்தான் உங்களுக்கு ஓடும். அன்னக் கழுத்து மாதிரி உயர்ந்தது பிடித்தால் வாங்குங்கள், ஆனால் சிங்குக்கு மேலே ஜன்னல் இருந்தால் கதவு திறக்கும்போது குழாயில் இடிக்குமா என்று அளந்துவிடுங்கள்.

குழாய் சுவரிலிருந்தே வரட்டும். சிங்கிலோ மேடையிலோ துளை போட்டு நிற்க வைத்தால், அடிப்பாகத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, கீழே இருக்கிற நட் இறுகிப்போகும். இரண்டு குழாய் என்று சொன்னது ஒன்று போருக்கு, ஒன்று ஊராட்சித் தண்ணீருக்கு. பாத்திரத்தைப் போர் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலையும் இரவில் சிங்கை அலசுவதையும் நல்ல தண்ணீரில் செய்யலாம். நிறத்தில் குரோமே நல்லது, வெள்ளைப் படிவு கறுப்பில் தெரிகிற அளவுக்குத் தெரியாது, துடைத்தால் போய்விடும். கறுப்பு கட்டாயம் வேண்டும் என்றால் பிவிடி பூச்சு என்று கேளுங்கள். பெயின்ட் மாதிரி பூசியது உரியும்.

மேடை போட்டாயிற்று என்றீர்கள், ஆனால் டைல்ஸ் வேலை பாக்கி இருக்கும். சிங்கைப் பொருத்திய பிறகு தரையை ஆசிட் போட்டுக் கழுவுவார்கள்; அந்தப் புகையே போதும், புது ஸ்டீலில் பழுப்பு படர்ந்துவிடும். ஆசிட் கழுவல் முடிந்த பிறகே சிங்கை மாட்டச் சொல்லுங்கள். கழிவறை கழுவுகிற திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எப்போதும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள், இரும்புக் கம்பி நாரும் ஆகாது. சோறு வடிக்கிற வீடு என்றால் கொதிக்கிற கஞ்சியை நேராக ஊற்ற வேண்டாம், கீழே இருக்கிற பிவிசி கழிவுக் குழாய் அந்தச் சூட்டில் இளகி மூட்டு விட்டுவிடும். ஆறவிட்டு மாட்டுக்கு வையுங்கள்.

தண்ணீர்ச் சீட்டு வந்ததும் குளோரைடு, கடினத்தன்மை, இரும்பு மூன்று எண்ணையும் எழுதுங்கள். 304 போதுமா, போர் லைனை அடுப்படியிலிருந்து பிரிக்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடுகிறேன். அதுவரை மேடையில் சிங்குக்கான துளையை வெட்ட விடாதீர்கள்.